லிட்டில் நெல் சாகும் காட்சி: இருக்கிறதா, இல்லையா?

கரிசல்72:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விக்டோரியா காலத்து நாவல் மொத்தமும் அழுகாச்சி நாடகமாம். அதற்குச் சான்று ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸின் ‘தி ஓல்ட் கியூரியாசிட்டி ஷாப்’ (1840-41). அதில் லிட்டில் நெல் என்கிற சிறுமி பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்து சாகிறாளாம். அவள் நம் கண்முன் சாகவே இல்லை ஐயா! கிட் என்கிற பையன் அவளுடைய பறவையைக் கூண்டோடு சுமந்துகொண்டு பனியில் ராத்திரி போய்ச் சேர்கிறான், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாத்தா மட்டும் அவள் தூங்குகிறாள் என்று சொல்லிக்கொண்டு, அவளுடைய தேய்ந்த காலணியை எடுத்து, பிஞ்சுக் கால் தரையில் பட்ட இடத்தைக் காட்டுகிறார். இதில் இழுவை எங்கே இருக்கிறது?

தேநீர்க்கடை:
அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 71ஆம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிட்டீர்களா? 72ஐத் திறந்து பாருங்கள். விடிந்ததும் உயிர் பிரிந்தது, எல்லாரும் சுற்றி இருந்தார்கள் என்று அவள் செத்த விதம் முழுக்க வருகிறது. அப்புறம் அடக்கம். இது சாவுக் காட்சி இல்லையென்றால் வேறு எது?

கரிசல்72:
மறுநாள் காலையில் மற்றவர்கள் சொல்ல, தாமதமாக வந்து சேர்ந்த கிட் முதலானவர்கள் கேட்டுக்கொள்வது அது. இரண்டு நாள் முன்னால் நடந்ததைச் சொல்கிறார்கள். காட்சி வேறு, சேதி வேறு.

பனையோலை:
இரண்டு பேரும் முதலில் மிகையுணர்ச்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? நாடகத்தனம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதைச் சொன்னால் மற்றவர்களுக்கும் பேச வசதியாக இருக்கும்.

தேநீர்க்கடை:
அதெல்லாம் இருக்கட்டும் அக்கா. ஹார்ன் என்கிற விமர்சகர் 1844லேயே அந்த அடக்கப் பகுதியை வரி வரியாக உடைத்துப் போட்டு, உரைநடை செய்யுள் நடையில் ஓடுவதைக் காட்டிவிட்டார். அழவைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு எழுதினால்தான் அப்படி வரும். அந்தச் சாவைச் சிரிக்காமல் படிக்கக் கல்நெஞ்சு வேண்டும் என்று எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு சொன்னதாக வழங்குவது சும்மா இல்லை.

கரிசல்72:
வந்துவிட்டார் வைல்டு. புத்தகத்தைத் தொடாதவர்கள்கூட அந்த ஒரு வரியைத்தான் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். டிக்கன்ஸின் மைத்துனி மேரி ஹோகார்த் 1837 மே மாதம் 17 வயதில் அவர் கையிலேயே உயிர் விட்டாள். அவள் மோதிரத்தை அவர் கழற்றவே இல்லை. நெல்லை எழுதியபோது அந்தப் புண் திரும்பத் திறந்துகொண்டது. நடிகர் மக்ரெடி நெல்லைக் கொல்லாதே என்று டிக்கன்ஸிடம் மன்றாடினார், அவரே 1840 நவம்பரில் தன் குட்டி மகளைப் பறிகொடுத்தவர். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 முதல் பிறந்தநாளைப் பார்க்காத நாட்டில் எழுதியதை, தடுப்பூசி போட்டு வளர்ந்த நாம் உட்கார்ந்துகொண்டு மிகை என்கிறோம். இன்னொரு தடவை சொல்கிறேன், அவள் சாவதை அவர் காட்டவில்லை.

ஊர்க்குருவி:
துக்கம் உண்மை என்றால் எழுத்தும் நல்ல எழுத்து ஆகிவிடுமா? அழுத கண்ணோடு எழுதிய மோசமான பக்கங்கள் எந்த மொழியில் இல்லை? ஆட்டுக்குட்டியைக் கசாப்புக்காரன் வெட்டுவது போல நெல்லைச் சந்தைக்காகக் கொன்றார் என்று விமர்சகர் ரஸ்கின் சொன்னார். அவரும் விக்டோரியா காலத்து ஆள்தானே? அப்புறம், நெல்லை விடுங்கள், டிக்கன்ஸின் ‘டோம்பி அண்ட் சன்’ நாவலில் சிறுவன் பால், 16ஆம் அத்தியாயம். அங்கே நம் கண்முன்னாலேயே சாகிறான்.

கரிசல்72:
அப்போது பால் என்று சொல்லுங்கள், நெல் என்று ஏன் சொல்கிறீர்கள்? அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, இந்தச் சக்திக்கு எதிரே எழுத முடியாது என்று நாவலாசிரியர் தாக்கரேயே கையை விரித்தார். போட்டியாளர் வாயால் வந்த சொல் அது.

தேநீர்க்கடை:
பார்த்தீர்களா, 72ஆம் அத்தியாயத்துக்குப் பதிலே இல்லை. எனக்கு டிக்கன்ஸ் மேல் பகை இல்லை, அந்த மனிதர் மேடைப் பைத்தியம் என்பதைத்தான் சொல்கிறேன். இளவயதில் நடிகனாகப் பார்த்தார், கடைசியில் 1869இல் தன் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் நான்சியை பில் சைக்ஸ் அடித்துக் கொல்லும் பகுதியை மேடை மேடையாக நடித்து வாசித்தார். மருத்துவர் பக்கத்திலேயே நின்று நாடி பார்க்க வேண்டியிருந்தது. உடம்பு கெட்டு 1870 ஜூன் 9இல் போய்ச் சேர்ந்தார். அந்த மேடைதான் நாவலுக்குள்ளும் நிற்கிறது.

கரிசல்72:
நிற்கட்டுமே! அதை ஏன் குற்றமாகச் சொல்கிறீர்கள்? ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் தெருப்பையன் ஜோ செத்ததும், கதையை நிறுத்திவிட்டு மகாராணியையும் பிரபுக்களையும் பாதிரிமார்களையும் நேராகக் கூப்பிட்டு, இப்படித்தான் நம்மைச் சுற்றி நாள்தோறும் சாகிறார்கள் என்கிறார். மேடையில் நின்று கத்துவதுதான். கத்த வேண்டிய இடத்தில் கத்தினார். போன மாதம் நாவலாசிரியர் ஹார்டி பற்றிய இழையில் நீங்கள் என்னை ‘உணர்ச்சி வியாபாரி’ என்று எழுதியதை நான் மறக்கவில்லை. ஹார்டியின் ‘ஜூட்’ நாவலில் (1895) ஒரு சிறுவன் மற்ற குழந்தைகளைத் தூக்கில் தொங்கவிட்டு, எழுத்துப் பிழையோடு சீட்டும் எழுதி வைத்துவிட்டுத் தானும் தொங்குகிறான். அது மட்டும் யதார்த்தமா?

தேநீர்க்கடை:
ஹார்டியை ஏன் இழுக்கிறீர்கள்? அவர் யாரையும் அழச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பனையோலை:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது.

ஊர்க்குருவி:
கரிசல் நீங்கள் சுருக்கப் பதிப்பு படித்தவர் என்று எனக்குச் சந்தேகம். அதில்தான் 72ஐ வெட்டியிருப்பார்கள்.

கரிசல்72:
முழுப் பதிப்பு என் மேசையில் இருக்கிறது, அந்தத் தேய்ந்த காலணிப் பத்தியை நாளைக்குத் தட்டச்சு செய்து போடுகிறேன், படித்துவிட்டுப் பேசுங்கள். 72இல் வருவது சேதிதான்.

தேநீர்க்கடை:
போடுங்கள். 72ஐயும் சேர்த்துப் போடுங்கள், காட்சியா இல்லையா என்று எல்லாரும் பார்க்கட்டும்.