தண்ணீரில் விழுந்து அணைந்துபோன போன்: மெமரி ஐசியைக் கழற்றினால் படங்கள் கிடைக்குமா?

ஊசிநூல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். வாடிக்கையாளர்களின் அளவுக் குறிப்புகள், அவர்கள் கேட்டுச் சொன்ன ஜாக்கெட் டிசைன்கள், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு என்று எல்லாவற்றையும் போனில் படமாக எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். ஆண்ட்ராய்டு 12 உடன் வெளிவந்த இடைநிலை விலைப் போன் அது. சென்ற வாரம் சோப்புத் தண்ணீர் நிறைந்த வாளியில் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்தபோது ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரவு சார்ஜில் கிடந்த போன் காலையில் முற்றிலும் அணைந்து கிடந்தது.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில், போர்டை மாற்றித்தான் தர முடியும், உள்ளே இருப்பவை கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் ஒருவர், தகவல்களைச் சேமித்து வைக்கும் சிப்பான மெமரி ஐசியை மட்டும் கழற்றி, பாக்ஸ் என்ற படிக்கும் கருவியில் வைத்துப் படித்துவிடலாம் என்று கூறி முன்பணம் கேட்கிறார். கணினியில் நிறுவிக்கொண்டால் எந்தப் போனிலிருந்தும் எடுத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களின் விளம்பரங்களும் கண்ணில் படுகின்றன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மா எப்போதும் விரல் ரேகை வைத்தே போனைத் திறப்பவர். பின் எண்ணை எப்போதாவதுதான் போடுவார். இப்போது கேட்டால் இரண்டு மூன்று எண்களைச் சொல்லி, இவற்றில் ஒன்றுதான் என்கிறார். ஐசியைக் கழற்றக் கொடுக்கலாமா? போன் உயிர் பெற்றால் விரல் ரேகையே போதுமா? எண்ணைத் தவறாகப் போட்டால் எல்லாம் அழிந்துவிடுமா?

ரீவொர்க் மேசை

பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முதலில் சொல்ல வேண்டியது: போர்டு மாற்றுவதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஐசியைக் கழற்றுவதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் போர்டே ஒருமுறை, அரை மணி நேரத்துக்காவது, உயிரோடு எழுந்து நிற்பது. அதற்குப் பிறகு அந்தப் போன் குப்பைக்குப் போனாலும் பரவாயில்லை. வாடிக்கையாளர்கள் "போனைச் சரிசெய்து கொடுங்கள்" என்று கேட்பதால்தான் கடைக்காரர் போர்டு மாற்றுவது, சாஃப்ட்வேர் போடுவது என்ற வழிகளுக்குப் போகிறார். "போன் வேண்டாம், உள்ளே இருப்பது மட்டும் போதும்" என்று நீங்கள் சொன்னால் வேலையே வேறு விதமாக நடக்கும்.

தண்ணீர் மட்டும் போர்டைக் கெடுப்பதில்லை. ஈரம் இருக்கும்போது ஓடும் மின்சாரம்தான் கெடுக்கிறது. சோப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால், பேட்டரி இணைப்பு இருக்கிற வரையில் ஐசிக்களின் கால்களுக்கு இடையே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அரிசியில் புதைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. ஷீல்டு என்ற தகர மூடிகளுக்கு அடியில் காய்ந்து படிந்திருக்கும் உப்பை அரிசி எடுக்காது. ஆகவே இனி ஒருமுறைகூடச் சார்ஜில் போடாமல், பவர் பட்டனை அழுத்திப் பார்க்காமல், முதல் வேலையாகப் பின்மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

போர்டு வேலை தெரிந்தவர் ஷீல்டுகளை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அல்ட்ராசோனிக் கிளீனர் மூலம் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பின் மல்டிமீட்டரால் மெயின் லைனில் ஷார்ட் சர்க்யூட் இருக்கிறதா என்று பார்ப்பார். ஷார்ட் இருந்தால் குறைந்த வோல்டேஜைச் செலுத்தி, எந்த உறுப்பு சூடாகிறது என்று தெர்மல் கேமராவிலோ, போர்டின் மேல் ரோசின் புகையைப் படியவிட்டு அது எங்கே உருகுகிறது என்றோ கண்டுபிடிப்பார். பல நேரங்களில் குற்றவாளி கடுகளவுகூட இல்லாத ஒரு கெபாசிட்டராகத்தான் இருக்கும்; அதை எடுத்துவிட்டாலே போர்டு எழுந்துவிடுவது உண்டு. டிஸ்ப்ளே, சார்ஜிங் சப் போர்டு ஆகியவை கெட்டிருந்தால் கடையில் இருக்கும் சோதனைக்கான உதிரிப் பாகங்களைத் தற்காலிகமாக மாட்டிப் பார்க்கலாம்; அவற்றில் உங்கள் தகவல் எதுவும் இல்லை.

போர்டே எழாத நிலையில் கடைசி வழி ஒன்று உண்டு. பிராசசரையும் மெமரி ஐசியையும் ஜோடியாகவே எடுத்து, அதே மாடலின் நல்ல போர்டு ஒன்றில் ரீபால் செய்து, அதாவது அடியில் புதிதாகச் சால்டர் உருண்டைகள் வைத்து, பொருத்துவது. பல போன்களில் பிராசசரின் முதுகிலேயே ரேம் ஒட்டியிருக்கும். சூடு சற்றே மிகுந்தாலும் இரண்டும் போய்விடும். செய்து பழகியவர்கள் குறைவு, செலவும் அதிகம். ஆனால் ஜோடியாக எடுப்பதற்கும், மெமரி ஐசியை மட்டும் எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மறைசாவி

மேலே உள்ளவர் கடைசியில் சொன்ன வேறுபாடுதான் இந்தக் கேள்வியின் மையம் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கோப்பு ஒவ்வொன்றையும் தனித்தனிச் சாவியால் பூட்டும் மறையாக்க (என்கிரிப்ஷன்) முறை 2016-இல் ஆண்ட்ராய்டு 7 உடன் வந்தது. 2019-இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 தொடங்கி, புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. உங்கள் அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 12 உடன் வந்தது என்பதால் அதில் இது நிச்சயமாக இருக்கிறது. படங்களைத் திறக்கும் சாவி, நீங்கள் போடும் பின் எண்ணும், சிப்புக்குள் பதிந்து கிடந்து எந்தக் கருவியாலும் வெளியே படிக்கக் கொடுக்காத ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்தால்தான் கிடைக்கும். வங்கி லாக்கருக்கு நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர வேண்டியிருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. மெமரி ஐசியை மட்டும் கழற்றிப் பாக்ஸில் வைத்தால் அதிலுள்ள எல்லாவற்றையும் பிரதி எடுக்க முடியும். ஆனால் கிடைப்பது பொருளற்ற எண்களின் குவியல். பின் எண்ணை நீங்கள் சொன்னாலும்கூட அதைத் திறக்க முடியாது, ஏனெனில் மற்றப் பாதி பழைய போர்டிலேயே தங்கிவிட்டது. விளம்பரத்தில் வரும் மென்பொருள்களும் இந்தத் தடையைத் தாண்டுவதில்லை. அவற்றில் பல, போனைத் திறந்து தருவதாகச் சொல்லி ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுபவை. ரீசெட் செய்தால் சாவிகளே அழிந்துவிடும். அதன் பிறகு உலகில் எவராலும் மீட்க முடியாது.

விரல் ரேகையைப் பற்றி: அணைந்து மீண்டும் எழும் ஆண்ட்ராய்டு போன் முதல் தடவை பின் எண்ணையோ பேட்டர்னையோ பாஸ்வேர்டையோதான் ஏற்கும். அது போடப்படும் வரை படங்களும் தொடர்புப் பட்டியலும் பூட்டியே இருக்கும். அலாரம் அடிக்கும், அழைப்பும் வரும், ஆனால் அழைப்பவரின் பெயர் தெரியாமல் எண் மட்டும் தெரியும். ஆகவே அம்மாவின் விரல் அருகில் இருந்தாலும் எண் இல்லாமல் நடக்காது.

தவறான முயற்சிகளைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டின் மூல நிரலில் நெடுநாளாக இருந்துவரும் கணக்கின்படி, 5 தவறுகளுக்குப் பின் 30 விநாடி காத்திருக்க வேண்டும். 30 தவறுகளைத் தாண்டினால் காத்திருப்பு படிப்படியாக இரட்டித்துக்கொண்டே போகும். 140-க்கு மேல் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு நாள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறலாம். குறிப்பிட்ட தவறுகளுக்குப் பின் தானே அழித்துக்கொள்ளும் வசதியும் சில போன்களில் உண்டு. பொதுவாக உரிமையாளர் இயக்கி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். இரண்டு மூன்று எண்களில் ஒன்று என்று அம்மா உறுதியாகச் சொல்வது உங்களுக்குப் பெரிய பலம். பின் எண் அறவே தெரியாமல் வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி எதுவும் இருந்ததில்லை.

பழைய கடை

ஐசியைக் கழற்றிப் படிக்கவே முடியாது என்று ஒரேயடியாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2013, 2014 காலத்து ஆண்ட்ராய்டு போன்கள் எத்தனையோ எங்கள் மேசைக்கு வந்து, ஈஎம்எம்சி என்ற மெமரி ஐசியைக் கழற்றிச் சாக்கெட்டில் வைத்து, பேட்டர்ன் கூடத் தெரியாமல் படங்களை முழுமையாக எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் கண்ணால் பார்த்த வேலையைத்தான் சொல்கிறார். எஃப்பிஐ-க்கே ஐபோனைத் திறந்து கொடுத்துவிட்டார்களே, பிறகு முடியாது என்று எப்படிச் சொல்வது?

மறைசாவி

நீங்கள் சொல்லும் போன்களில் மறையாக்கம் இயல்பாக இயங்கவில்லை. ஆகவே நீங்கள் எடுத்துக் கொடுத்தது உண்மைதான், கடைக்காரரின் நேர்மையையும் நான் ஐயப்படவில்லை. அந்த அனுபவத்தை வைத்து இன்றைய போனுக்கு முன்பணம் வாங்குவதுதான் சிக்கல்.

ஐபோன் விவகாரத்தை நீங்கள் எடுத்ததும் நல்லதாயிற்று. 2016-இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டு வழக்கில் பேசப்பட்டது ஐபோன் 5சி. பூட்டைத் தளர்த்தும் மென்பொருளை ஆப்பிள் எழுதித் தர வேண்டும் என்று நீதிமன்றம் பிப்ரவரியில் ஆணையிட்டது, ஆப்பிள் மறுத்தது. மார்ச்சில் வெளியார் உதவியோடு திறந்துவிட்டதாக எஃப்பிஐ அறிவித்தது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செர்கெய் ஸ்கோரோபோகாடோவ் அந்த மாடலின் மெமரி ஐசியைக் கழற்றி ஒரு சோதனை செய்து காட்டினார். ஐசியிலிருந்து படங்களைப் படிப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சில தவறான எண்களைப் போட்டபின் பழைய நிலையை மீண்டும் எழுதி, தவறுகளின் கணக்கைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதுதான் அவர் செய்தது. எண்களைப் போட்டுப் பார்த்தது அதே போனில், அதே பிராசசரில். ஐசி கழற்றும் கலையில் அவ்வளவு தேர்ந்தவருக்கும் அந்தப் பிராசசர் இல்லாமல் ஒன்றும் ஆகியிருக்காது. 5சி வெளிவந்த அதே 2013-இல் வந்த 5எஸ் மாடலிலிருந்து பாஸ்கோடைச் சரிபார்க்கும் பொறுப்பைச் செக்யூர் என்கிளேவ் என்ற தனிப் பகுதி எடுத்துக்கொண்டது. 5சி-யில் அது இல்லை.

கணக்குப்பிள்ளை

போர்டு வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டிய சில உண்டு. அவற்றில் வரிசை முக்கியம்.

அம்மாவின் வாட்ஸ்ஆப் எந்தக் கணினியிலாவது வாட்ஸ்ஆப் வெப் வழியாக இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போன் அணைந்திருந்தாலும் அந்த இணைப்பு ஏறத்தாழ 14 நாள் நீடிக்கும். டிசைன்களை வாடிக்கையாளர்களே வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். தேவையான உரையாடல்களையும் படங்களையும் அங்கிருந்து சேமித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வேறு போனில் அதே எண்ணைப் பதிவு செய்தால் கணினி இணைப்பு உடனே அறுந்துவிடும். ஆகவே சேமித்து முடித்த பிறகே பழைய போனிலிருந்து சிம்மை எடுத்து வேறு போனில் போட்டுப் பதிவு செய்யுங்கள். அப்போது பழைய பேக்கப்பை மீட்கவா என்று கேட்கும். அதைத் தவிர்த்துவிட்டு முன்னே செல்ல வேண்டாம். தவிர்த்தால், பிறகு எடுக்கப்படும் புதிய பேக்கப் கூகுள் டிரைவில் உள்ள பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது கூகுள் கணக்கு. கணினியில் அம்மாவின் கணக்கில் நுழைந்து கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கள். பேக்கப் ஓடுகிறது என்று அறியாமலேயே பலருக்கு அது ஓடிக்கொண்டிருக்கும். இலவச இடம் 15 ஜிபி மட்டும். 2021 ஜூன் முதல் படங்களும் அதிலேயே கணக்காகின்றன. எனவே நிறைந்துபோன தேதியோடு பேக்கப் நின்றிருக்கலாம். கடைசிப் படத்தின் தேதியைப் பார்த்தால் எவ்வளவு இழப்பு என்பது தெரிந்துவிடும். போர்டு வேலைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம். எஸ்டி கார்டு போட்டிருந்தால் அதையும் மறக்க வேண்டாம். போனின் உள் நினைவகத்தோடு இணைத்து வடிவமைக்காத கார்டாக இருந்தால் கணினியில் நேரடியாகப் படிக்கலாம்.

ஊசிநூல்

உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. கூகுள் போட்டோஸில் சென்ற ஆண்டு தீபாவளி வரைக்குமான படங்கள் இருக்கின்றன. அதன் பிறகு இடம் நிறைந்து நின்றிருக்கிறது. வாட்ஸ்ஆப் வெப் என் மடிக்கணினியில் இணைந்தே இருந்ததால் டிசைன்களில் பெரும்பகுதியைச் சேமித்துவிட்டேன். எஞ்சியிருப்பது அளவுக் குறிப்புகளும் பாக்கிக் கணக்கும். போனை ஐசி கழற்றுபவரிடமிருந்து திரும்ப வாங்கி, போர்டு வேலை செய்யும் ஒருவரிடம், உள்ளே இருப்பது மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்து ஒப்படைத்திருக்கிறேன். மெயின் லைனில் ஷார்ட் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒருவேளை எழுந்தால், முதலில் என்ன செய்ய வேண்டும்? பின் எண்ணை அவரிடமே சொல்லிவிடலாமா?

ரீவொர்க் மேசை

எண்ணைச் சொல்ல வேண்டாம்; போனில் யுபிஐ செயலிகளும் இருக்கும். போன் எழுந்து பூட்டுத் திரை வந்ததும் கூப்பிடச் சொல்லி, அம்மாவையும் அழைத்துக்கொண்டு மடிக்கணினி, நல்ல டேட்டா கேபிள் ஆகியவற்றோடு நேரில் போங்கள். தொடுதிரை வேலை செய்யாவிட்டால் போனில் யுஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் ஓடிஜி அடாப்டர் வழியாகச் சாதாரண யுஎஸ்பி மவுஸை இணைத்து எண்ணைப் போடலாம். இடைநிலைப் போன்களில் திரையை மானிட்டருக்குக் கொண்டுபோகும் வசதி பெரும்பாலும் இராது என்பதால் டிஸ்ப்ளேயாவது தெரிய வேண்டும்.

திறந்தவுடன் ஸ்க்ரீன் அணையும் நேரத்தை அதிகமாக வைத்து, கேபிளைச் செருகி, ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறையில் தீபாவளிக்குப் பிறகு எடுத்தவற்றை முதலில் நகலெடுங்கள். அடுத்து ஆண்ட்ராய்டு கோப்புறைக்குள் மீடியா என்பதில் இருக்கும் வாட்ஸ்ஆப் கோப்புறை. அரித்துப்போன போர்டு எந்த நிமிடமும் மீண்டும் விழலாம் என்பதால், வீடியோக்களைக் கடைசிக்கு விடுங்கள். அப்டேட் கேட்டாலோ, ரீஸ்டார்ட் கேட்டாலோ மறுத்துவிடுங்கள். போன் சூடாகி நின்றுவிட்டால் பதறி மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்தாமல் டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரிக்குப் பதிலாக மேசை மேல் உள்ள பவர் சப்ளையில் அவர் மறுபடி எழுப்பிப் பார்ப்பார்.