‘சம்ப்’ என்றே எழுதலாமா? கீழ்த்தள மோட்டாருக்கு ஒரு சொல்

காரைக்குடியிலிருந்து:

வணக்கம். கீழ்த்தளக் (பேஸ்மென்ட்) குழியில் ஊறிச் சேரும் நீரை வெளியே தள்ளும் மோட்டாரை உணரி (சென்சார்) வைத்துக் கண்காணிக்கும் கையேடு ஒன்று தமிழாகிறது. முதல் சொல்லே இடறுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் குழிக்கு ‘சம்ப்’ என்று பெயர். ‘சம்ப்’ என்றால் நம் பக்கத்தில் தரையடித் தண்ணீர்த் தொட்டி. லாரித் தண்ணீர் இறங்கும், மேல்தொட்டிக்கு ஏறும். அது நிறைந்தால் நிம்மதி. கீழ்த்தளக் குழி நிறைந்தாலோ வண்டிகள் மூழ்கும். ‘சம்ப் நிறைந்தது’ என்று கைபேசியில் செய்தி வந்தால், காவலாளி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிடுவார்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்கு இந்தச் சொல் தேவைப்பட்டதே இல்லை. தளத்தை உயர்த்திக் கட்டி, முற்றத்து மழைநீரை வெளியே வடியவிட்டார்கள். வண்டி நிறுத்தக் கீழ்த்தளமும் லிஃப்ட் குழியும் வந்த பிறகுதான் ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பாடு. ‘ஊறல் குழி’ எனலாமா?

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, ‘ஊறல்’ வேண்டாம். சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும்; ‘ஊறல் கண்டறியப்பட்டது’ என்று செய்தி போனால் மதுவிலக்குப் போலீஸ்தான் வரும். உறிஞ்சுகுழியோடும் குழம்பும், அதில் நீர் மண்ணுக்குள் போகிறது, இதில் மண்ணிலிருந்து வருகிறது. ‘வடிகுழி’ என்போம். பம்புக்கு ‘எக்கி’, ‘இறைப்பி’ எல்லாம் அகராதியில் இருக்கட்டும். கடையில் கேட்பது மோட்டார்தான். ஆகவே ‘வடிகுழி மோட்டார்’.

கையேட்டில் இன்னொரு பிழை. இரண்டு உலோக முனைகள் நனைந்தால் மணியடிக்கும் கருவியை ‘நீர்மட்ட உணரி’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மட்டம் தெரியாது, நனைந்ததா இல்லையா என்பது மட்டுமே தெரியும். அது ‘ஈர உணரி’. அதன் முனைகளை, மிதவை சுவிட்ச் (நீரோடு மிதந்து ஏறி மோட்டாரைப் போடும் சுவிட்ச்) மோட்டாரை ஓடவைக்கும் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே, தரைமட்டத்துக்குக் கீழே கட்ட வேண்டும். தாழக் கட்டினால் மோட்டார் ஓடும் ஒவ்வொரு முறையும் பொய்யாக அலறும். பெட்டியைக் குழிக்குள் விடாமல் ஒயர் நீட்டி முனையை மட்டும் இறக்குங்கள். உள்ளே சிக்னல் எட்டாது, ஈரத்தில் பேட்டரித் தகடும் அரித்துப்போகும்.

ஈர உணரி கடைசிக் காவல்தான். கோளாறை முன்கூட்டியே சொல்வது, மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைக் கவனிக்கும் ‘மின்னோட்ட உணரி’. ஒயரைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வகையானால் பேஸ் ஒயரை மட்டும் சுற்ற வேண்டும்; மொத்தக் கேபிளையும் சுற்றினால் பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் காட்டும். மோட்டார் நன்றாக இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்று குறித்து வையுங்கள். பிறகு அதிலிருந்து வாட் இறங்கினால் தண்ணீரில்லாமல் ஓடுகிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது. பல மடங்கு எகிறி டிரிப் ஆனால் விசிறியில் துணியோ கல்லோ சிக்கியிருக்கும். நின்ற சில நொடியில் திரும்பத் திரும்ப ஓடினால் என்.ஆர்.வி. வால்வு (நீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வு) பிடிக்கவில்லை, ஏற்றிய தண்ணீரே குழாய் வழியாகத் திரும்புகிறது. ஓயாமல் ஓடினால், குழி வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். வறண்டிருந்தால் மிதவை சுவரில் மாட்டியிருக்கிறது.

பள்ளத்தூரிலிருந்து:

வடிகுழிக்குச் சம்மதம். குழி தளும்பப்போகிறது என்ற எச்சரிக்கைக்கு ‘மறுகால் எச்சரிக்கை’ என்று எழுத நினைத்தேன், கண்மாய் வழக்கு; நிரம்பிய கண்மாயின் மிகை நீர் வழியும் வழிதான் மறுகால். ஆனால் மறுகால் பாய்ந்தால் கரை உடையாமல் தப்பியது என்று பொருள், நீருக்குப் போக்கிடம் உண்டு. வடிகுழிக்கு மறுகாலே கிடையாது. ‘விளிம்பு எச்சரிக்கை’ போதும்.

ஸ்மார்ட் பிளக் வழியாக மோட்டாரை ஓட்டுவதானால் ஒரு சேர்க்கை: மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் ‘ஆன்’ நிலைக்கே திரும்பும்படி பிளக்கை அமைத்தாக வேண்டும். சில பிளக்குகள் ‘ஆஃப்’பிலேயே நிற்கும், மழையோ கொட்டிக்கொண்டிருக்கும். வைஃபை ரவுட்டரையும் உணரியின் ஹப்பையும் (உணரியின் செய்தியை வாங்கி அனுப்பும் பெட்டி) இன்வர்ட்டரில் போடாவிட்டால், கரண்ட் போன நேரத்தில், அதாவது மோட்டார் ஓடாத நேரத்தில், எச்சரிக்கையும் வராது. ‘வேலை செய்கிறேன்’ என்று காட்ட உணரி தினம் ஒருமுறை அனுப்பும் ‘ஹார்ட்பீட்’டை ‘இதயத்துடிப்பு’ என்று பெயர்க்காமல் ‘இருப்புச் செய்தி’ என்றால் வேலை புரியும். அது வராத நாளில்தான் கவலைப்பட வேண்டும்.

காரைக்குடியிலிருந்து:

ஏற்கிறேன். வடிகுழி, வடிகுழி மோட்டார், ஈர உணரி, மின்னோட்ட உணரி, விளிம்பு எச்சரிக்கை, இருப்புச் செய்தி என்று பட்டியலில் ஏற்றுகிறேன். காவலாளிக்குப் போகும் செய்தி இப்படி: ‘வடிகுழி விளிம்பைத் தொடுகிறது. மோட்டாரை நிறுத்தாதீர்கள். ஓடுகிறதா என்று பாருங்கள்.’