மூத்த மாணவர்களே நடத்தும் பாலியல் தவிர்ப்பு வகுப்பு: எங்கே சறுக்கும்?

கேள்வி:
12, 13 வயதுப் பிள்ளைகளிடம் ‘இந்த வயதில் உடலுறவு வேண்டாம்’ என்பதை மூத்த மாணவர்களை வைத்தே பேசவைக்க நினைக்கிறோம். பெற்றோர் சம்மதம் வாங்கியாச்சு. யாரைத் தேர்ந்தெடுப்பது? வகுப்பில் என்ன செய்வது?

பதில் 1:
மூன்று நான்கு வயது மூத்தவர்கள் போதும். ஒரே வயதென்றால் கூத்தாகிவிடும். முதல் மதிப்பெண்காரர்களை மட்டும் பொறுக்காதீர்கள். ‘யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய்?’ என்று அந்த மூத்த மாணவர்களின் வகுப்புத் தோழர்களிடமே சீட்டு எழுதி வாங்குங்கள். ஒரு பையன், ஒரு பெண் என ஜோடியாக நடத்தட்டும். குழுவுக்கு 15 பேருக்கு மேல் வேண்டாம்.

பாதி நேரம் மறுத்துப் பேசிப் பழகுவதற்கே போகணும். காரணம் சொல்லாமல் மறுக்கச் சொல்லிக்கொடுங்கள். ‘வீட்டில் திட்டுவாங்க’ என்றால் ‘தெரியாம பாத்துக்கலாம்’ என்று பேரம் தொடங்கிவிடும். ‘வேண்டாம்’, மறுபடி ‘வேண்டாம்’, பிறகு இடத்தைவிட்டு நகர்வது. வற்புறுத்தும் வேடத்தை எப்போதும் மூத்த மாணவரே போடணும். சின்னவர்களிடம் கொடுத்தால் நன்றாக வற்புறுத்துபவனுக்குத்தான் கைத்தட்டல் கிடைக்கும்!

பதில் 2:
எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1980களில் இதே பாணியில் 8-ம் வகுப்புக்கு நடத்தினார்கள். அங்கே உடல், கருத்தடை பற்றிய தனி வகுப்புகளும் சேர்ந்திருந்தன. 1990களில் கலிபோர்னியா அவற்றை விட்டுவிட்டு, உடலுறவைத் தள்ளிப்போடச் சொல்லும் ஐந்து வகுப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டது. நிலையான பலன் தெரியவில்லை. தவிர்ப்பை மட்டுமே போதித்த நான்கு திட்டங்களை ஆராய்ந்து 2007-ல் வந்த அமெரிக்க மதிப்பீட்டிலும், வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசமில்லை. அதனால் கருத்தடை, நோய்த்தொற்று பற்றிய பகுதியை விடாதீர்கள். அதை மட்டும் செவிலியர் எடுக்கட்டும், மாணவர்கள் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு பெட்டி வைத்தால் யாரும் போட மாட்டேன் என்கிறார்களே?

பதில் 3:
எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு, ஒரே மாதிரிப் பென்சில். கேள்வி இல்லாதவர்களும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போடணும். அப்போதுதான் எழுதுகிறவர் தனியாகத் தெரிய மாட்டார். பதிலை அடுத்த வகுப்பில், பெரியவர் ஒருவர் சரிபார்த்த பிறகு சொல்லுங்கள்.

இன்னொன்று. ‘கெட்டுப்போனவள்’, ‘தூய்மை’ போன்ற பேச்சு, மென்று துப்பிய மிட்டாயைக் காட்டி ‘நீயும் இப்படி ஆயிடுவே’ என்னும் வேலை, எதுவும் கூடாது. ஏற்கெனவே யாரோ ஒருவரின் அத்துமீறலுக்கு ஆளான பிள்ளை அந்த அறையில் இருக்கலாம். அதைக் கேட்டால் வாயே திறக்காது. அப்படி ஒரு பிள்ளை வந்து சொன்னால், ‘ரகசியமா வச்சுக்கிறேன்’ என்று மூத்த மாணவர் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘இதைப் பெரியவங்ககிட்ட சொல்லியாகணும், நானும் கூட வர்றேன்’ என்ற வாக்கியத்தைப் பயிற்சியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள்.