அஸ்திவாரக் குழியில் சுக்கான் கல்: வெயிலில் காயவைத்த மண்ணுக்கு வயது கணிக்க முடியுமா?

காசிமேட்டு மாணவி:
திருவொற்றியூரில் என் மாமா வீடு கட்டுகிறார். அஸ்திவாரத்துக்கு 14 அடி தோண்டியிருக்கிறார்கள். மேலே கடற்கரை மணல், அதற்குக் கீழே கிளிஞ்சல் நிறைந்த கருங்களி. களி முடிந்த இடத்தில் நிறம் சட்டென்று மாறுகிறது. இறுகிய செம்பழுப்பு மண், அதில் வேர் ஓடிய நுண்துளைகள், சுண்டைக்காய் அளவில் வெள்ளைச் சுக்கான் கற்கள், அதாவது சுண்ணாம்புத் திரள்கள். பனியுகத்தில் கடல் விலகியிருந்தபோது உருவான தொல்மண்ணாக இருக்குமோ என்று தோன்றியதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

நான் புவியமைப்பியல் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். பட்டப்பகலில் அந்த மண்ணைச் சாக்கில் அள்ளிவந்து, உதிர்த்து, மொட்டை மாடியில் காயவைத்துவிட்டேன். ஒளி உமிழ்வு முறையில் வயது கணிக்க வேண்டுமானால் மணலில் வெளிச்சமே படக்கூடாது என்று பிறகுதான் படித்தேன். திங்கட்கிழமை கான்கிரீட் போடுகிறார்கள். சுக்கான் கல்லை ரேடியோ கார்பன் சோதனைக்கு அனுப்பினால் போதுமா?

எண்ணூர்க்கழி:
மகளே, சுக்கான் கல்லை மட்டும் நம்பாதே. மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்கும். வறண்ட பருவத்தில் அது திரளும். இப்படி நெடுங்காலம் படலம் படலமாக வளர்ந்த கல் அது. பொடித்துக் கணித்தால் எல்லாப் படலங்களின் கலவை வயதுதான் கிடைக்கும். பழைய சுண்ணாம்பின் கரிமம் கலந்திருந்தால் உண்மை வயதைவிடக் கூடுதலாகவும் காட்டும்.

கருங்களியின் அடிமட்டத்தில் இரண்டு ஓடுகளும் பிரியாத மட்டி கிடைக்கிறதா என்று பார். அது அங்கேயே வாழ்ந்து புதைந்தது. அலை புரட்டிக் கொண்டுவந்து போட்டதன்று. கடல்நீரின் கரிமம் பழையது என்பதால் மட்டியின் வயதும் சில நூறு ஆண்டுகள் கூடித் தெரியும். அந்தத் திருத்தத்தை ஆய்வகத்தில் கேட்டுச் செய்துகொள்.

வியாசர்பாடி ஆய்வாளர்:
தங்கையே, மணல் இருளில் புதைந்த நாளிலிருந்து சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சால் குவார்ட்ஸ் மணலில் ஒரு சமிக்ஞை சேர்ந்துகொண்டே வரும். அதை அளந்துதான் வயதைக் கணிக்கிறார்கள். அந்தச் சமிக்ஞையை வெயில் சில நிமிடங்களில் அழித்துவிடும். மாடியில் காய்ந்த மண் அந்தச் சோதனைக்கு உதவாது. ஆனாலும் எறிந்துவிடாதீர்கள். யுரேனியம், தோரியம், பொட்டாசியம் அளந்து ஆண்டுக் கதிர்வீச்சு அளவைக் கணக்கிட அதே மண் தேவைப்படும். மண் எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்று சொல்லும் காந்த ஏற்புத்திறனும் அதில் அளக்கலாம்.

இன்றே ஓரடி நீள இரும்புக் குழாய் இரண்டு வாங்குங்கள். குழிச் சுவரை ஒரு சாண் ஆழத்துக்குச் செதுக்கிவிட்டு, செம்பழுப்பு மண்ணில் மணல் அதிகமுள்ள இடத்தில் குழாயைக் கிடைமட்டமாக அடித்து இறக்குங்கள். எடுத்த கையோடு இரு முனைகளையும் அடைத்து, கறுப்பு பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். முனைகளில் உள்ள மண்ணை ஆய்வகத்தில் செந்நிற விளக்கின்கீழ் நீக்கிவிடுவார்கள். ஈரப்பதம் போகாமல் இருப்பதும் முக்கியம், அது கணக்கையே மாற்றும்.

காசிமேட்டு மாணவி:
ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. இன்னும் ஒரு குழப்பம். மணல் புதைந்த வயது ஒன்று, மட்டியின் வயது ஒன்று. இவற்றில் எது மண்ணின் வயது?

வியாசர்பாடி ஆய்வாளர்:
இரண்டும் இல்லை! மணல் வந்து படிந்தது தொடக்கம். கடல் ஏறி மூடியது முடிவு. படிவு நின்று, செடி முளைத்து, வேர் இறங்கி, சுண்ணாம்பு திரண்ட காலம் இவற்றுக்கு நடுவில் கிடக்கிறது. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. திருவொற்றியூரிலிருந்து கடலைப் பார்க்கக் கிழக்கே வெகுதூரம் நடந்திருக்க வேண்டும். உங்களுடைய இரண்டு வயதுகளுக்கும் இடையில் அந்தக் காலம் விழுந்தால், அந்த மண் பனியுகத்தையும் தாண்டி வந்தது என்று எழுதலாம். பனியுகம்தான் அதை உருவாக்கியது என்று எழுதிவிடாதீர்கள். கடல் அதற்கு முன்பும் பலமுறை இறங்கி ஏறியிருக்கிறது.

அந்தப் 'பலமுறை'யை நிலத்தில் எண்ணிக் காட்டியதும் மண்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள் விட்டுச்சென்ற தடயங்களை வைத்து, பனியுகங்கள் நான்கு என்று வெகுகாலம் நம்பினார்கள். புவியியலாளர் ஜார்ஜ் குக்லா செக் நாட்டுச் செங்கல் சூளைகளுக்காக வெட்டிய குழிச் சுவர்களைப் படித்தார். பனியுகங்களில் காற்று கொண்டுவந்த தூசுமண் ஓர் அடுக்கு, வெப்பம் திரும்பியபோது காடு வளர்ந்து உருவான மண் அடுத்த அடுக்கு என மாறி மாறி இருந்தன. 1977இல் அவரும் ஆஸ்திரிய ஆய்வாளர் ஃபிங்க்கும் சேர்ந்து, சுமார் 17 லட்சம் ஆண்டுகளில் குறைந்தது 17 வெப்ப இடைக்காலங்கள் என்று எண்ணிச் சொன்னார்கள். புவியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறியதைக் காட்டும், அடுக்குகளில் பதிந்திருந்த புவிக்காந்தத் திசைமாற்றங்கள் கால அளவைத் தந்தன. அதுவும் உங்கள் மாமா வீட்டுக் குழியைப் போல யாரோ வேறு வேலைக்கு வெட்டிய குழிதான்.

எண்ணூர்க்கழி:
அவ்வளவு தூரம் போவானேன்! நம் கழியில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் படுகையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. அங்கே கற்கருவிகள் கிடைத்த அடுக்குகளின் வயதையும் புதைந்த குவார்ட்ஸில் விண்வெளிக் கதிர்கள் விட்டுச்சென்ற தடயத்தைக் கொண்டும் (இது ஒளி உமிழ்வு முறையன்று) காந்தத் திசையைக் கொண்டும்தான் கணித்தார்கள். சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று வந்தது.

காசிமேட்டு மாணவி:
ஞாயிறு விடியுமுன் போனோம். மாமாவே சம்மட்டி பிடித்தார். இரண்டு குழாய்களும் நிறைந்துவிட்டன. முழு மட்டி மூன்று கிடைத்தது, மூன்றும் களியின் அடிவிளிம்பில். தரைமட்டத்திலிருந்து ஆழம் அளந்து எழுதி, அளவுகோல் வைத்துப் படமும் எடுத்தேன்.

வியாசர்பாடி ஆய்வாளர்:
அருமை. குழாயில் எது வெளிமுனை என்று அம்புக்குறி போட்டீர்களா? இல்லையென்றால் கட்டைப் பிரிக்காமல் மேலேயே இப்போது போடுங்கள்.