நியூட்ரோஃபில் 806: வேலூருக்கு அனுப்பும் முன் நம்ம லேபிலேயே எதுவரை பார்க்கலாம்?

குடியாத்தம்_லேப்:

34 வயதுப் பெண். களைப்பு என்று சிபிசிக்கு (ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனை) வந்தது. காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை, மண்ணீரல் தட்டுப்படவில்லை என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். எங்களிடம் இருப்பது மூன்று பிரிவு கவுண்டர் (வெள்ளை அணுவை மூன்று கூட்டமாக மட்டும் பிரிக்கும்). மொத்த வெள்ளை அணு 2,600. அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் 31 சதவீதம், லிம்ஃபோசைட் 52, மிச்ச வகைகள் சேர்ந்த மிட் 17. ஹீமோகுளோபின் 11.8, பிளேட்லெட் 2.1 லட்சம். பேரணாம்பட்டில் காலை 8 மணிக்கு எடுத்த ரத்தம், பைக்கில் இங்கே வந்து சேரும்போது மணி 2.

வீட்டார் "பிளட் கேன்சரா" என்று கேட்டுப் பயந்துபோயிருக்கிறார்கள். கேன்சர் அல்லாத காரணங்களை எந்த வரிசையில் பார்ப்பது? நம்மிடம் எது முடியும், எதற்கு வேலூர் போகச் சொல்ல வேண்டும்?

ஸ்லைடு_மேஜை:

31 சதவீதத்தை ஓரமாக வையுங்கள். 2,600 × 31 ÷ 100 = 806. இதுதான் ஏஎன்சி (நியூட்ரோஃபிலின் நிஜ எண்ணிக்கை), பேச வேண்டிய எண். பெரியவர்களுக்கு 1,500-க்குக் கீழே குறைவு, 1,000-க்குக் கீழே நடுத்தரக் குறைவு, 500-க்குக் கீழே ஆபத்து. லிம்ஃபோசைட் 52 என்று பயப்படுவதும் வீண்: 2,600-ல் 52 சதவீதம் 1,352 தான், அது நார்மல். நியூட்ரோஃபில் இறங்கியதால் சதவீதம் ஏறித் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த 806-ஐ நான் இன்னும் நம்பவில்லை. வேலூர் வெயிலில் பைக் பெட்டிக்குள் 6 மணி நேரம் கிடந்த ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) கலந்த ரத்தத்தில் முதலில் கெடுவது நியூட்ரோஃபில். உட்கரு சுருங்கி உருண்டையாகிவிடும். அளவை வைத்துப் பிரிக்கும் கவுண்டர் அதை வேறு கூட்டத்தில் சேர்த்துவிடும்.

ஆளை நேரில் வரச் சொல்லிப் புது ரத்தம் எடுங்கள். ஊதா மூடி டியூபில் 2 மில்லி கோடு வரை நிரம்ப வேண்டும். அரை மில்லியோடு நிறுத்தினால் ஈடிடிஏ அதிகமாகி அணுக்கள் சுருங்கும். 8–10 முறை மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள், குலுக்க வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் கவுண்டரில் போட்டுவிடுங்கள்.

ஸ்மியரின் (ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ரத்தம்) வால் பகுதியைத் தவறாமல் பாருங்கள். வெள்ளை அணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் கவுண்டர் குறைத்துத்தான் எண்ணும். அப்போது நீல மூடி சிட்ரேட் டியூபில் எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குங்கள். பிளேட்லெட் கொத்து இருந்தால் கதை தலைகீழ்: அதையும் வெள்ளை அணு என்று எண்ணி ஏற்றிக் காட்டும். உட்கருவுள்ள சிவப்பணு தெரிந்தால் மொத்த எண்ணை 100-ஆல் பெருக்கி, 100-உடன் 100 வெள்ளை அணுவுக்கு அந்தச் சிவப்பணு எத்தனை என்ற எண்ணைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும்.

லீஷ்மன்:

மேலே சொன்னதோடு சாயத்தையும் கவனியுங்கள். பாதி ரிப்போர்ட் அங்கேதான் கெடுகிறது. காய்ந்த ஸ்மியரில் 8–10 சொட்டு லீஷ்மன் சாயம், 2 நிமிடம். பிறகு அதைப் போல இரு மடங்கு பஃபர் (அமில-கார அளவு மாறாத) தண்ணீர், பிஹெச் 6.8, ஊதிக் கலந்து 7–10 நிமிடம். பஃபருக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். காரமான தண்ணீரில் எல்லாம் நீலமாகி, சாதாரண நியூட்ரோஃபில்கூட டாக்ஸிக் கிரானுல் (கடும் தொற்றில் வரும் கருந்துகள்) உள்ளது போலத் தெரியும்.

100 அணு எண்ணுவது இங்கே போதாது. உண்மையில் 10 சதவீதம் இருக்கும் அணு, 100 எண்ணும்போது 5 என்றும் வரலாம், 17 என்றும் வரலாம். 200 எண்ணுங்கள். அணு குறைவாக இருப்பதால் இரண்டு ஸ்லைடு தேவைப்படும்.

மிட் 17-ஐ அப்படியே ரிப்போர்ட்டில் விடக் கூடாது. மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் மூன்றும் அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன, பிளாஸ்ட் (ரத்தப் புற்றுநோயில் தெரியும் முதிராத அணு) இருந்தாலும் அங்கேயே விழும். அதைக் கண்ணால்தான் பிரிக்க முடியும். ஒரே ஒரு பிளாஸ்ட் சந்தேகமாகத் தெரிந்தாலும் மேற்கொண்டு யோசிக்காமல் ஸ்லைடோடு அனுப்பிவிடுங்கள்.

நியூட்ரோஃபிலில் 5 மடல் கொண்டவை 5 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, 6 மடல் ஒன்று தெரிந்தாலோ பி12, ஃபோலேட் பார்க்கச் சொல்லலாம். எதிர்வினை லிம்ஃபோசைட் (தொற்றை எதிர்த்துப் பெருத்தவை) நிறைய இருந்தால் வைரஸ். டெங்கு ஆறும் நாட்களில் இது சகஜம்.

ஓபிடி_டாக்டர்:

லேபில் யாரும் கேட்காத கேள்வி: என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? கார்பிமசோல், கோ-ட்ரைமாக்சசோல், குளோசபின், சல்ஃபாசலசின் எல்லாம் நியூட்ரோஃபிலை இறக்கும். அடுத்து, கடந்த மாதம் காய்ச்சல் வந்ததா? டெங்குவும் டைஃபாய்டும் வெள்ளை அணுவைக் குறைக்கும், காய்ச்சல் போன பிறகும் ஏறச் சில வாரம் ஆகலாம். அதன் பிறகு பி12, ஹெச்ஐவி, ஹெபடைடிஸ், ஏஎன்ஏ (உடம்பு தன்னையே தாக்கும் நோய்க்கான சோதனை).

ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் பெரிதாக இறங்காமல் நியூட்ரோஃபில் மட்டும் குறைந்திருப்பது ஓரளவு ஆறுதல். மூன்றும் சேர்ந்து இறங்கினால்தான் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையைச் சீக்கிரம் பேச வேண்டியிருக்கும்.

21 நாள் இடைவெளியில் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால் சைக்ளிக் நியூட்ரோபீனியா (நியூட்ரோஃபில் சுழற்சியாக இறங்கி ஏறும் நோய்) இருக்கலாம். வாரம் 2–3 முறை, 6 வாரம் சிபிசி எடுத்து வரைபடம் போட்டால்தான் பிடிபடும். ஒற்றை ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்து ஏமாற்றும்.

குழந்தைக்கு எண்ணிக்கை சரியாக இருந்தும் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டி வந்தால் அது வேறு வகை: அணு இருக்கிறது, வேலை செய்யவில்லை. அணு வேலை செய்கிறதா என்று பார்க்கும் டிஹெச்ஆர் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை வேலூர் வேலை. ரத்தத்தை அனுப்பாமல் குழந்தையையே அனுப்புங்கள், பழைய ரத்தத்தில் செய்தால் தப்பாக வரும்.

லீஷ்மன்:

சம்பந்தம் கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும்: அந்த மிட்டில் ஈசினோஃபில் அதிகம் இருந்து, அதன் எண்ணிக்கை 500-ஐத் தாண்டினால் மலப் பரிசோதனை மூன்று நாள். ஒரு மாதிரியில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல் புழு தப்பிவிடும். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடம்பு முழுக்கப் பரவும். 3,000-க்கு மேல் போய் இரவில் இருமலும் இருந்தால் ஃபைலேரியாவால் (யானைக்கால் புழு) வரும் டிராபிகல் ஈசினோஃபீலியாவை நினையுங்கள். அதில் ரத்தத்தில் மைக்ரோஃபைலேரியா (அதன் இளம் புழு) தெரியாது. "புழு இல்லை" என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

குடியாத்தம்_லேப்:

புது ரத்தம், 20 நிமிடத்தில் போட்டது: 2,800. கையால் 200 எண்ணியதில் நியூட்ரோஃபில் 33 சதவீதம், லிம்ஃபோசைட் 50, மோனோசைட் 12, ஈசினோஃபில் 5. ஏஎன்சி 924. கொத்து இல்லை, பிளாஸ்ட் இல்லை. கேட்டதற்குத் தைராய்டுக்குக் கார்பிமசோல் 6 வாரமாகச் சாப்பிடுகிறாராம். இந்தச் சீட்டு எழுதியது வேறு டாக்டர்.

ஓபிடி_டாக்டர்:

அப்போது குறைவு உண்மைதான், காரணம் பெரும்பாலும் அந்த மாத்திரை. இந்தப் பாதிப்பு அதிகம் வருவது முதல் 3 மாதத்தில். ஆனால் கட்டுப்படாத கிரேவ்ஸ் (தைராய்டு அதிகம் சுரக்கும்) நோயே நியூட்ரோஃபிலைக் கொஞ்சம் குறைக்கும். மாத்திரை தொடங்கும் முன் எடுத்த சிபிசி எங்காவது இருந்தால் தேடி எடுங்கள், அப்போதே 1,400 என்று இருந்திருந்தால் கணக்கு மாறும்.

இன்றே தைராய்டு பார்க்கும் டாக்டருக்கு எண்ணைச் சொல்லுங்கள். நிறுத்துவதா, மாற்றுவதா என்பது அவர் முடிவு. நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் மட்டும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் சிபிசி எடுக்க வேண்டும்.

மறுபடி 2–3 நாளில் ஒரு சிபிசி, அதே கவுண்டரில். 500-க்குக் கீழே வந்தால் பிரிண்ட் எடுக்கக் காத்திருக்காமல் போன் போடுங்கள். கலெக்ஷன் சென்டர் சீட்டில் "தற்போது சாப்பிடும் மாத்திரை" என்று ஒரு கோடும் அடித்துவிடுங்கள்.