சிம்மக்கல்ல இருந்து வெளியேறலாம்னு இருக்கோம், மதுரையில எந்தப் பக்கம் போறது?

சிம்மக்கல்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருசமா சிம்மக்கல் பக்கம் வாடகை வீட்டுல இருக்கோம், மாடிப்படி ஏறவே அப்பாவுக்கு இப்ப முடியல, வயசு 74, ரெண்டு முட்டியும் போச்சு. பெரியவன் மூணாப்பு, சின்னது யுகேஜி. வண்டி நிறுத்த எடமில்ல, ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தா ரெண்டு தெரு தள்ளி போட்டுட்டு நடந்து வரணும். அதனால நாலு சென்ட் எடத்த வாங்கி சின்னதா ஒரு வீடு கட்டலாம்னு லோனுக்கு பேசிக்கிட்டு இருக்கேன்.

பிரச்சன என்னன்னா எனக்கு வேல ஒத்தக்கடையில, வீட்டுக்காரம்மாவுக்கு திருமங்கலத்துல ஸ்கூல்ல வேல. ஊருக்கு அந்தக் கோடியும் இந்தக் கோடியும். பாத்து வச்சிருக்கது ஊமச்சிகுளம், கடச்சனேந்தல், நாகமலை புதுக்கோட்டை, அப்புறம் திருநகர் ஹார்விபட்டி பக்கம். போன ஞாயித்துக்கிழம ஒரு புரோக்கர் கார்ல கூட்டிட்டுப் போயி காட்டுனார், வாசல்ல பெரிய ஆர்ச், வரிசையா தென்னங்கன்னு, கல் நட்டு மஞ்ச பெயிண்ட் அடிச்சு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சுத்தி ஒரு வீடு கூட இல்ல, ஒரே ஒரு நாயி மட்டும் எங்களையே பாத்துட்டு நின்னுச்சு. அங்கிட்டு குடியிருக்கவங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க. தண்ணி, ஸ்கூல் வேன், ஆஸ்பத்திரி, எது எப்படி?

வைகைக்கர எழுதியது:

புரோக்கர் "மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இருந்து பத்து நிமிசம்"னு சொல்லிருப்பாரே? அது ராத்திரி ரெண்டு மணிக்கு, அதுவும் ஆம்புலன்ஸ்ல.

ரெட்டைமாடி அக்கா எழுதியது:

தம்பி, நான் கடச்சனேந்தல் தாண்டி அப்பன்திருப்பதி போற வழியில இருக்கேன், வந்து ஆறு வருசமாச்சு. நல்லதும் சொல்றேன் கெட்டதும் சொல்றேன்.

மொதல்ல ஊர் பேர வாசிச்சுப் பாருங்க. ஏந்தல்னாலே சின்னக் கண்மாய்தான். ஊமச்சிகுளம், உலகனேரி, டவுனுக்குள்ளயே சொக்கிகுளம், பீபிகுளம், எல்லாமே தண்ணி நின்ன எடம், பேர் வச்சவன் நமக்கு ஏற்கனவே சொல்லிட்டுத்தான் போயிருக்கான், நாமதான் ஆர்ச்சப் பாத்து வாங்குறோம். இங்க கண்மாய் ஒண்ணு நெறஞ்சா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்கு போகும், அந்த ஓடைய அடச்சு பிளாட் போட்டா தண்ணிக்கு என்ன தெரியும், அது பழைய வழியிலதான் வரும். 2024 அக்டோபர் 25ந்தேதி பேஞ்ச மழை ஞாபகம் இருக்கும்ல, செல்லூர் கண்மாய் நெறஞ்சு பந்தல்குடி வாய்க்கால் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ள தண்ணி போச்சே. அன்னைக்கு எங்க தெருவுலயும் முழங்கால் தண்ணி. எங்க வீட்டுக்குள்ள வரல, ஆனா அது எங்க புத்திசாலித்தனம் இல்ல, எங்க மாமனார் கொத்தனார்கூட சண்ட போட்டு பேஸ்மட்டத்த ஒண்ணர அடி கூடுதலா ஏத்துனார். அப்ப நான்தான் காசு வீண்னு கத்துனேன். எதுத்த வீட்டுல ரோடு மட்டத்துக்கே கட்டிட்டாய்ங்க, அப்புறம் ரோட்ட ரெண்டு தடவ ஏத்திப் போட்டாங்க, இப்ப அவங்க வீட்டுக்குள்ள ஒரு படி எறங்கிப் போகணும்.

தண்ணி: எங்களுக்கு போர் 320 அடி. குளிக்க தொவைக்க சரி, குடிக்க முடியாது, உப்பு. கேன்தான். பக்கத்து பிளாட்டுல அதே ஆழம் போட்டு புகைதான் வந்துச்சு, நூறு அடி தள்ளி இருந்தா வேற கத. அதனால பக்கத்துல இருக்க நாலு வீட்டுல கேளுங்க, "எத்தன அடி, மே மாசத்துல எத்தன மணி நேரம் ஓடுது"ன்னு. டீக்கடையில கேட்டா இன்னும் தெளிவா சொல்லுவாய்ங்க.

நல்லதுன்னா காத்து. ராத்திரி ஃபேன் இல்லாமலே தூங்கலாம் மார்கழியில. அழகர்கோவில் ரோடுங்கறதால பஸ்சுக்கு கவல இல்ல. உங்க அப்பாவுக்கு ஒண்ணு சொல்றேன், சித்திரையில அழகர் இந்த வழியாத்தான் வர்றார், அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் வந்து மூன்றுமாவடியில எதிர்சேவை, அதாவது சனங்க எதிர்கொண்டு வரவேக்குறது. ஆத்துக்குப் போயி கூட்டத்துல நசுங்க வேண்டாம், ரோட்டுல சேர் போட்டு உக்காந்தா போதும்.

ஸ்கூல் வேன் காலையில 7 மணிக்கே வந்துரும், ஏன்னா நாமதான் கடைசி ஸ்டாப்னு நெனப்போம், அவனுக்கு நாமதான் மொத ஸ்டாப். அதையும் கணக்குல வச்சுக்கங்க.

பத்திரம்பாண்டி எழுதியது:

அக்கா சொன்ன தண்ணி விசயம் சரி, நான் பேப்பர பத்தி சொல்றேன், எங்க சித்தப்பா பத்திர ஆபீஸ் வாசல்ல முப்பது வருசமா எழுதுறவரு, அவர் பக்கத்துல உக்காந்து நெறைய அழுகைய பாத்திருக்கேன்.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல்னு நோட்டீஸ்ல போட்டிருந்தா நம்பர வாங்கி வரைபடத்த கேளுங்க. அந்த வரைபடத்த கையில வச்சுக்கிட்டு நேர்ல நடங்க. படத்துல பூங்கான்னு இருக்க எடத்துல கல் நட்டு நம்பர் போட்டிருந்தா அப்படியே திரும்பி வந்துருங்க. ரோடு, பூங்கா எல்லாம் ஊராட்சிக்கோ கார்ப்பரேஷனுக்கோ தானமா எழுதிக் கொடுத்திருக்கணும், அந்தப் பத்திரம் இருக்கான்னும் கேளுங்க. 500 சதுர மீட்டருக்கு மேல மனைப்பிரிவு போட்டு விக்கிறவங்க ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதியணும், அந்த நம்பர ஆன்லைன்லயே பாக்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைன்னா 2016 அக்டோபர் 20க்கு முன்னாடியே பதிஞ்ச மனைங்கதான் அப்ப வந்த திட்டத்துல வரன்முறைப்படுத்த வந்துச்சு, அதுக்குப் பின்னாடி போட்டதுன்னா பதிவே சிக்கல். விக்கிறவரு "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே"ன்னு தோள்ல கை போடுவார், கைய எடுத்து விட்டுருங்க.

வில்லங்கச் சான்று 30 வருசத்துக்கு எடுங்க, பட்டா யார் பேர்ல இருக்கு, எஃப்எம்பி ஸ்கெட்ச்ல, அதாவது நில அளவை வரைபடத்துல, ஓடை வாய்க்கால் புறம்போக்கு ஒட்டி வருதான்னு பாருங்க. அக்கா சொன்ன மறுகால் விசயம் பாதி அந்த ஸ்கெட்ச்லயே தெரிஞ்சிரும். செலவுக்கு 7 சதவீதம் ஸ்டாம்ப், 2 சதவீதம் பதிவுக் கட்டணம், இத லோன்ல சேக்க மாட்டாங்க, கையில வச்சுக்கங்க. மதிப்பு 10 லட்சத்துக்குள்ளன்னா வீட்டுக்காரம்மா பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் கொறையும், 2025 ஏப்ரல்ல இருந்து.

மெட்ரோ வருது எய்ம்ஸ் வருதுன்னு சொல்லி வெல ஏத்துறத நம்பாதீங்க. தோப்பூர்ல எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில அடிக்கல் நட்டாங்க, அன்னைக்கே சுத்தி இருந்த மானாவாரிக் காடெல்லாம் நகர் ஆயிருச்சு, மொத பேட்ச் பசங்க படிக்கப் போனது ராமநாதபுரத்துக்கு.

மலையடிவாரம் எழுதியது:

நாகமலை புதுக்கோட்டைக்காரன் பேசுறேன். இங்க வந்து ஒம்பது வருசம். பின்னாடி மலை, அந்தப் பக்கம் யுனிவர்சிட்டி, வெள்ளைச்சாமி நாடார் காலேஜ், வாத்தியாருங்க நெறைய குடியிருக்காங்க, ஏரியா அமைதி. கொரங்கு வரும், வத்தல் காயப்போட்டா காவல் வேணும்.

அண்ணே, மேப்ல பாத்தீங்கன்னா இங்கருந்து திருமங்கலம் பக்கம் மாதிரி தெரியும், நாலு வழிச்சாலை நேரா கப்பலூர் போகுது. ஆனா டவுன் பஸ்ல போகணும்னா மொதல்ல பெரியார் பஸ் ஸ்டாண்டு வரணும், அப்புறம் திருமங்கலம் பஸ் புடிக்கணும், வீட்டுக்காரம்மா ஸ்கூட்டில போறேன்னா அந்த நாலு வழிச்சாலையில லாரிகூட ஓட்டணும். எங்க வீட்டுல ஒரு மாசம் ஓட்டிப் பாத்துட்டு போதும்னுட்டாங்க. தேனி ரோடு சாயங்காலம் காளவாசல் வரைக்கும் எப்படி இருக்கும்னு நீங்களே பாத்திருப்பீங்க, பாலம் வந்தும் அப்படித்தான். ஒத்தக்கடை போறதுக்கு நீங்க ஊரையே குறுக்கால வெட்டணும். உங்க நெலமைக்கு எங்க ஏரியா வேணாம்ணே, நான் இருக்க எடத்த நானே வேணாங்கறேன் பாருங்க.

சிம்மக்கல்வாசி எழுதியது:

இம்புட்டு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல, ரொம்ப நன்றி. அக்கா, அந்தப் பேர் விசயம் வீட்டுல வாசிச்சுக் காட்டுனேன், அப்பா சிரிச்சுட்டு "இது தெரியாமத்தான் புரோக்கர் கூட கார்ல போனியா"ன்னார். அப்ப திருநகர் எப்படி? ஊமச்சிகுளம் பத்தியும் யாரும் சொல்லல.

ஹார்விமில் பேரன் எழுதியது:

திருநகர் புதுசு இல்ல, பழைய காலனி, ஹார்விபட்டி எங்க தாத்தா மாதிரி மில் ஆளுங்களுக்காக வந்தது. 2011ல கார்ப்பரேஷன் நூறு வார்டா ஆனப்ப திருநகரும் உள்ள வந்துருச்சு. திருமங்கலம் ரோட்டுலயே இருக்கதால வீட்டுக்காரம்மா வாசல்ல பஸ் ஏறலாம், அரைமணி நேரம். நீங்க ஒத்தக்கடைக்கு கப்பலூர் போயி ரிங் ரோடு புடிச்சா உத்தங்குடி வரைக்கும் 27 கிலோமீட்டர், தூரம்தான், ஆனா சிக்னல் தொல்ல கம்மி, இல்லேன்னா ஊருக்குள்ள பூந்து போங்க. வெல கூடத்தான், நாலு சென்ட் உங்க பட்ஜெட்ல காலனிக்குள்ள கெடைக்காது. புதுசா மனை போடுறதெல்லாம் நிலையூர் பக்கம், அங்க மறுபடி கண்மாய் கத ஆரம்பிக்கும். திருப்பரங்குன்றத்துல கார்த்திகை, பங்குனித் திருவிழா நாள்ல வெளிய போகாதீங்க.

ஊமச்சிகுளத்துக்கு நத்தம் ரோடு பாலம் 2023ல தெறந்தாச்சு, 7 கிலோமீட்டருக்கு மேல, தல்லாகுளத்துல ஏறினா சர்ருனு போயிரலாம், ஆனா நெனச்ச எடத்துல எறங்க முடியாது. கீழ ஐயர் பங்களா பக்கம் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கு, புள்ளைங்களுக்கு கலைஞர் நூலகம் பெரிய வசதி. திருமங்கலத்துக்கு தினம் போறவங்களுக்குத்தான் கஷ்டம்.

என்னக் கேட்டா எடமே இப்ப வாங்காதீங்க. ஒரு வருசம் அந்த ஏரியாவுலயே வாடகைக்கு கீழ் வீடு பாருங்க. லோன் எங்கயும் ஓடிப் போகாது. தினம் போயிட்டு வந்து ஒரு அடைமழையும் ஒரு மேமாசமும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. சிம்மக்கல் வாடகைக்கு இங்க ரெண்டு பெட்ரூம் தாராளமா கெடைக்கும்.

சிம்மக்கல்வாசி எழுதியது:

வீட்டுக்காரம்மா ஹார்விமில் அண்ணன் சொன்னதுக்கே ஓட்டுப் போட்டுட்டாங்க, தெனம் ரெண்டு பஸ் மாறுறது அவங்கதானே. எடம் வாங்குறத தள்ளி வச்சாச்சு, திருநகர்ல கீழ் வீடு தேடுறோம், தெரிஞ்சா சொல்லுங்க. அப்பாதான் அழகர் விசயத்தையே புடிச்சுக்கிட்டு கடச்சனேந்தல் கடச்சனேந்தல்னு இருக்கார். அக்கா, ஒரு நாள் அப்பாவையும் கூட்டிட்டு உங்க தெருவ பாக்க வரலாமா?

ரெட்டைமாடி அக்கா எழுதியது:

தாராளமா வாங்க தம்பி. ஆனா இப்ப வேணாம், ஐப்பசியில நல்லா மழை அடிச்சு ஓஞ்ச மறுநாள் வாங்க. அப்பாவ எங்க வீட்டுத் திண்ணையில உக்கார வச்சுட்டு நீங்க மட்டும் தெருவ நடந்து பாருங்க. நல்ல செருப்பு போட்டுட்டு வராதீங்க.