திறப்பு கைக்கு வருமுன்னும் வந்தபின்னும்: ரொறன்ரோ ஹவுசிங் வேர்க்கர்களின் அனுபவப் பகிர்வு

ஷெல்ட்டர் பக்கம்:

வீடில்லாத ஒருவரோடு வேலை தொடங்கும்போது முதலில் தேடவேண்டியது வீடு அல்ல, அவருடைய அடையாளப் பத்திரங்கள். நித்திரையில் பை களவு போயிருக்கும், இல்லாவிட்டால் பூங்காவில் கூடாரம் அகற்றப்பட்ட அன்று எல்லாம் சேர்ந்து போயிருக்கும். ஒன்ராறியோவில் பிறந்தவர் என்றால் பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். அது வந்தால்தான் சின் என்ற சமூகக் காப்புறுதி இலக்கம், ஹெல்த் கார்ட், ஃபோட்டோ கார்ட் எல்லாம் வரிசையாக நகரும். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவர்களுக்கான அந்த ஃபோட்டோ கார்டுக்கு 35 டொலர் கட்டவேண்டும். வெளிநாட்டில் பிறந்தவரின் நிரந்தர வதிவிட அட்டையான பி.ஆர். கார்டோ குடியுரிமைச் சான்றிதழோ தொலைந்திருந்தால் மாற்றுப் பிரதி வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் அந்த விண்ணப்பம் முதல் சந்திப்பிலேயே போய்விட வேண்டும். எல்லாப் படிவங்களிலும் தபால் முகவரியாக உங்கள் நிறுவனத்தின் முகவரியைப் போடுங்கள். ஆள் ஷெல்ட்டர் மாறிக்கொண்டே இருப்பார், கடிதம் பழைய ஷெல்ட்டர் மேசையில் கிடந்து திரும்பிப் போகும்.

அடுத்தது வரி. ஒரு சதம் வருமானம் இல்லாதவரும் பதிந்தாக வேண்டும். வரி பதிந்தபின் வரும் மதிப்பீட்டு அறிவித்தல், நாங்கள் என்.ஓ.ஏ. என்று சொல்வது, இல்லாமல் வாடகை மானியமும் கிடைக்காது, வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டுக்கான கோப்பும் அசையாது. வெல்ஃபேர் எடுத்தவருக்கு, எடுத்த தொகையைக் காட்டும் டி5007 சிலிப் இருக்கும், அதையும் கேட்டு எடுங்கள். பல வருடம் பதியாதவர் என்றால் ஆகக் கடைசி வருடத்தை முதலில் பதிவதுதான் நல்லது. மானியக்காரர்கள் கேட்பது அதைத்தான். பழைய வருடங்கள் பின்னால் வரட்டும்.

இன்னொன்று. வீடில்லாதவர்களுக்காக நகரம் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலில் ஒருவர் தொடர்ந்து இருப்பதற்கு, கடந்த மூன்று மாதத்துக்குள் அவர் ஏதாவது ஒரு சேவையைப் பயன்படுத்தியதாகப் பதிவு இருக்கவேண்டும். இரவு முழுக்க பஸ்ஸில் சுற்றுபவரும் காருக்குள் படுப்பவரும் ஷெல்ட்டர் வாசலை மிதிப்பதே இல்லை. அவர்களை, தெருவில் தேடிப்போய் உதவும் அவுட்ரீச் ஆட்கள் சந்தித்துப் பதியாவிட்டால் பெயர் செயலற்றதாகிவிடும். உதவி அதிகம் வேண்டியவர் பட்டியலில் இல்லாமல் போவது இப்படித்தான்.

கணக்குப் பார்ப்பவர்:

காசு விசயத்தைச் சேர்த்து எழுதுகிறேன். வெல்ஃபேர் என்று நாங்கள் சொல்லும் ஒன்ராறியோ வேர்க்ஸில் தனியாளுக்கு ஆகக்கூடியது மாதம் 733 டொலர். 2018 இற்குப் பிறகு அது ஏறவே இல்லை. அதில் 343 சாப்பாடு, உடுப்பு போன்ற அடிப்படைச் செலவுக்கு, 390 வரை தங்குமிடத்துக்கு. வாடகை கட்டுகிறார் என்று காட்டினால்தான் அந்த 390 வரும். தெருவில் இருப்பவர் 343 டொலரோடு நிற்பார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்காரர் வருமான அத்தாட்சி கேட்பார், வருமானமோ லீஸ், அதாவது வாடகை ஒப்பந்தம், காட்டினால்தான் கூடும். இதற்கு இரண்டு கடிதங்கள் ஒரே நேரத்தில் வேண்டும். வீடு கிடைத்தால் இவருக்கு இவ்வளவு வரும் என்று ஒன்ராறியோ வேர்க்ஸ் வேர்க்கர் எழுதித் தருவது ஒன்று. இந்த முகவரியில், இந்த வாடகைக்கு, இந்தத் திகதியில் இருந்து தர உடன்படுகிறேன் என்று வீட்டுக்காரர் எழுதித் தருவது மற்றது. கடைசி மாத வாடகைக்கும் தளபாடத்துக்கும் ரொறன்ரோவில் ஹவுசிங் ஸ்டெபிலைசேஷன் ஃபண்ட் இருக்கிறது. அதை வீடு மாறுவதற்கு முன்பே கேளுங்கள். மாறிய பிறகு கேட்டால் கேள்விகள் கூடும்.

390 டொலருக்கு ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஓர் அறைகூடக் கிடைக்காது. இடைவெளியை நிரப்புவது 2020 ஏப்ரலில் தொடங்கிய கனடா-ஒன்ராறியோ ஹவுசிங் பெனிஃபிட். பொதுக் கணக்கு என்னவென்றால், அந்தப் பகுதிச் சராசரி வாடகையின் 80 வீதத்துக்கும் குடும்ப வருமானத்தின் 30 வீதத்துக்கும் உள்ள வித்தியாசம். சமூக உதவி பெறுபவருக்குக் கணக்கு வேறு மாதிரி. இடங்கள் குறைவு, ஒதுக்கீடு கெதியாக முடிந்துவிடும். நல்ல பக்கம், வீடு மாறினாலும் மானியம் ஆளோடு போகும். மறுபக்கம், அதை ஏற்றால் சமூக வீட்டுக் காத்திருப்புப் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சம்மதிக்க வேண்டும். பத்து வருடமாகக் காத்திருப்பவருக்கு இது சின்ன முடிவு இல்லை. கையொப்பத்துக்கு முன் இதை இரண்டு தடவை விளக்குங்கள், அவரையே திருப்பிச் சொல்லவும் விடுங்கள். அடுத்த வருடம் வரி பதியாவிட்டால் மானியம் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மார்க்கம்–லோரன்ஸ் (ஸ்காபரோ):

பேஸ்மென்ற் கதையை ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான். எங்கட ஆக்களின்ர வீடுகள் கனக்க இஞ்சதான் இருக்கு, நாங்கள் கேட்டுப் போற கதவுகளும் அதுகள்தான்.

முதல்ல பாக்கவேண்டியது குசினியும் வோஷ்றூமும். வாடகைக்கு இருக்கிறவர் குசினியையோ வோஷ்றூமையோ வீட்டுச் சொந்தக்காரரோடயோ அவற்ற மனுசி, பிள்ளை, தாய் தகப்பனோடயோ பகிர வேண்டியிருந்து, அவையும் அந்தக் கட்டடத்திலயே இருந்தால், ஒன்ராறியோ வாடகைச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. நாளைக்கு வெளியில போ எண்டால் வாடகைப் பிணக்குகளை விசாரிக்கிற லாண்ட்லோர்ட் அன்ட் ரெனன்ற் போர்ட்டுக்குப் போகேலாது. தனிக் குசினி இருக்கெண்டு சொல்லுவினம். போய்ப் பாத்தால் ஒரு மைக்ரோவேவும் சின்ன ஃபிறிட்ஜும் மேசையில இருக்கும், சமைக்க மேலதான் போகவேணும். அடுப்பைப் போட்டுப் பாருங்கோ, தண்ணி வருதோ எண்டு பாருங்கோ. புகை அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் இருக்கவேணும், ஜன்னலால ஒரு ஆள் வெளியில வரக்கூடியதாகவும் இருக்கவேணும். குளிர்காலத்தில ஆகக் குறைஞ்சது 21 பாகை சூடு குடுக்கவேணும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேல்வீட்டில இருந்தால் அதையும் அப்பவே கதையுங்கோ.

நாலு அறையோ அதுக்கு மேலயோ தனித்தனியா வாடகைக்கு விட்டு, குசினியோ வோஷ்றூமோ பொதுவா இருந்தால் அது மல்ரி-ரெனன்ற் வீடு, லைசென்ஸ் வேணும். 2024 மார்ச் 31 வரைக்கும் ஸ்காபரோவில அப்பிடி வீடுகளுக்கு அனுமதியே இல்லை. இப்ப நகரம் முழுக்க ஒரே சட்டம்.

வீட்டுக்காரரோட கதைக்கேக்க மூண்டு விசயத்தை நேரா சொல்லுங்கோ. "வாடகை ஒன்ராறியோ வேர்க்ஸில இருந்தோ, ஏலாமை உள்ளவைக்கான உதவிப்பணமான ஓ.டி.எஸ்.பி.யில இருந்தோ நேரா உங்கட கணக்குக்கு வரச் செய்யலாம்." "பிரச்சினை எண்டால் எனக்கு எடுங்கோ, இத்தனை நாளுக்குள்ள வருவன்." "நான் பிணை நிக்கேல்லை, அவர்தான் ரெனன்ற்." இந்த மூண்டாவதைச் சொல்லாமல் விட்டால் பிறகு உடைஞ்ச கதவுக்கு உங்களிட்டக் காசு கேப்பினம். வெல்ஃபேர் ஆக்கள் வேண்டாம் எண்டு சொல்லுறது மனித உரிமைச் சட்டத்துக்குப் பிழை. ஆனால் அதைத் தொலைபேசியில வாசிச்சுக் காட்டி ஒரு வீடும் எடுக்கேலாது, அடுத்த வீட்டுக்காரருக்கும் கதை போயிடும்.

காசாத்தான் வேணும், லீஸ் வேண்டாம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். வாடகை வருமானத்தைக் கணக்கில காட்ட விருப்பமில்லை, வேற ஒண்டுமில்லை. அந்த வீட்டை விட்டிடுங்கோ. கடதாசி இல்லாட்டில் 390உம் இல்லை, மானியமும் இல்லை. வைப்புக்காசு ஒரு மாத வாடகைக்கு மேல கேக்கேலாது, அதுவும் கடைசி மாதத்துக்குத்தான். டமேஜ் டெபாசிட் எண்டு ஒண்டு ஒன்ராறியோவில இல்லை.

பின்தொடர்பவர்:

லீஸ் கையெழுத்தானதும் கோப்பை மூடச் சொல்லும் மேலாளர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் வீடு பறிபோகும் ஆபத்து அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தளபாடம் தரும் தொண்டு நிறுவனமான ஃபர்னிச்சர் பேங்கில் இருந்து சாமான் வரக் காலமெடுக்கும். அதனால் குடிபோகும் அன்றே மெத்தை, போர்வை, ஒரு சட்டி, ஒரு தட்டு, கழிப்பறைத் தாள், ஷவர் திரை, கையில் போன் இருந்தால் சார்ஜரும் இருக்கட்டும். தெருவோரத்தில் கிடக்கும் மெத்தையைத் தூக்கிவர விடாதீர்கள், மூட்டைப்பூச்சி அதில்தான் வரும். ஷெல்ட்டரில் இருந்து கொண்டுவரும் உடுப்பை உள்ளே வைக்குமுன் டிரையரில் அதிக சூட்டில் அரை மணித்தியாலம் போட்டு எடுத்தால் போதும்.

முதல் மாதம் வாரம் ஒரு தடவையாவது நேரில் போகவேண்டும். கதவடியில் நின்று பேசிவிட்டு வருவது சந்திப்பு ஆகாது. மின்கட்டணம் யார் பெயரில், குப்பை எந்த நாளில் வெளியே வைப்பது, வாடகை உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். திரும்ப ஷெல்ட்டர் வாசலில் போய் நிற்பவர்களைக் கண்டிப்பதில் பயனில்லை. அவர்களுடைய ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், புது வீட்டில் சுவர்தான் இருக்கிறது.

பெரிய ஆபத்து வீட்டை வேறு ஆட்கள் கைப்பற்றுவது. குளிருக்கு ஒரு நாள் என்று வருபவர் போகமாட்டார், மெல்ல மெல்ல அங்கே வியாபாரம் நடக்கும், குடியிருப்பவர் குளியலறைத் தரையில் படுப்பார். நீங்கள் போகும்போது வேறொருவர் கதவைத் திறப்பது, குடியிருப்பவர் வெளியில் சந்திக்கலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்பது, கையில் திறப்பு இல்லாமல் இருப்பது எல்லாம் அடையாளம். அந்த வீட்டுக்குள் வைத்து இதைக் கேட்காதீர்கள். கோப்பிக் கடையில் கேளுங்கள். அவர் சம்மதித்தால் வீட்டுக்காரரோடு பேசிப் பூட்டை மாற்றலாம், முடியாவிட்டால் வெளியேற்றக் கட்டளை வருமுன் வேறு வீட்டுக்கு மாற்றுவதுதான் வழி.

வீட்டுக்காரரிடமிருந்து என்4 என்ற படிவம் வந்தால் ஆள் அன்றே பையைக் கட்டுவார். அது வாடகை பாக்கிக்கான அறிவித்தல் மட்டும், பாக்கியைக் கட்டினால் செல்லாமல் போகும். போர்ட்டின் கட்டளை இல்லாமல், அதை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் வராமல், வாடகைச் சட்டத்துக்குள் வரும் யாரையும் வெளியே போடமுடியாது. என்11 வேறு. அது இருவரும் சேர்ந்து குடியிருப்பை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம், கையெழுத்து விழுந்தால் எடுத்துக்கொள்வது கஷ்டம். என்ன கடதாசி வந்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, கையெழுத்துப் போடாதே என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். சிறைக்குப் போனால் உதவிப்பணம் நிற்கும், வாடகை நிற்காது. அந்த வாரத்துக்குள்ளேயே உதவிப்பண வேர்க்கரையும் வீட்டுக்காரரையும் அழைக்கவேண்டும்.

ஷெல்ட்டர் பக்கம்:

மேலாளரோடு வாதாட வேண்டியவர்களுக்கு ஒரு எண். 2009 முதல் 2013 வரை ரொறன்ரோ உட்பட ஐந்து நகரங்களில் வீடில்லாதவர்களிடையே நடந்த அட் ஹோம் ஆய்வில், நிபந்தனை வைக்காமல் முதலில் வீட்டைக் கொடுக்கும் 'முதலில் வீடு' என்ற முறையில் உதவி பெற்றவர்களில் 62 வீதம் பேர் ஆய்வின் கடைசி ஆறு மாதமும் முழுக்க வீட்டில் இருந்தார்கள். வழமையான சேவைகளோடு விடப்பட்டவர்களில் அது 31 வீதம். முதல் வீடு பறிபோனவருக்கு இரண்டாம் வீடு தேடிக் கொடுப்பதும் அந்த முறைக்குள்தான் அடங்கும்.

கணக்குப் பார்ப்பவர்:

ஓ.டி.எஸ்.பி. விண்ணப்பத்துக்கான படிவப் பொதியை யாரும் தொடவில்லை. நிரப்பித் தர 90 நாள். உடல்நிலைப் பகுதிக்கு மருத்துவர், நர்ஸ் பிராக்டிஷனர், உளவியலாளர் போன்ற ஒருவர் வேண்டும், ஆனால் அன்றாட வாழ்க்கைப் பகுதியைப் பதிவுபெற்ற சமூகப் பணியாளர் நிரப்பலாம். வோக்-இன் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிய படிவங்கள்தான் திரும்பி வருகின்றன. "நடக்க முடியும்" என்று எழுதினால் மறுப்புத்தான். பஸ் நிறுத்தம் வரை போக எத்தனை தடவை நிற்கிறார், வாரத்தில் எத்தனை நாள் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை என்று எழுதுங்கள். மறுப்பு வந்தால் 30 நாளுக்குள் உள்ளக மீளாய்வு கேட்கலாம், அதுவும் தோற்றால் மேன்முறையீட்டை விசாரிக்கும் ட்ரிபியூனலுக்குப் போகலாம். சமூக சட்ட கிளினிக்குகள் இந்த வழக்குகளை இலவசமாக எடுக்கும். மறுப்புக் கடிதம் கிடைத்த அன்றே அழையுங்கள், 29 ஆம் நாள் அல்ல.